கிடங்கில் தூங்கிய பணம்

மாதம் பிறந்தால் வீட்டில் முதல் வேலை மளிகைச் சாமானுக்குச் சீட்டு எழுதுவதுதான். துவரம் பருப்பு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து எழுதுவார்கள். அதிகம் வாங்கினால் பருப்பில் வண்டு விழும். கையில் உள்ள பணமும் டப்பாவுக்குள் போய் முடங்கும். குறைத்து வாங்கினால், விருந்தாளி வந்த நேரத்தில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு வேண்டியது முப்பது, நாற்பது சாமான்கள். அதற்கே இவ்வளவு யோசனை!

ஒரு மோட்டார் காரில் எத்தனை சாமான்கள் இருக்கின்றன, தெரியுமா? போல்ட்டு, நட்டு உள்பட எல்லாவற்றையும் எண்ணினால் சுமார் 30,000! இவற்றில் ஒன்று வரவில்லை என்றாலும் கார் வெளியே போகாது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக் குவித்தாலோ, முதலாளியின் பணம் முழுவதும் கிடங்குக்குள் போய்ப் படுத்துவிடும். இரும்பு துருப் பிடிக்கும். ரப்பர் காய்ந்து போகும். அடுத்த வருஷம் காரின் மாதிரி மாறினால், மிச்சம் உள்ள சாமான் காயலான் கடைக்குத்தான் போகும்.

என்ன வாங்குவது? எவ்வளவு வாங்குவது? எப்போது வாங்குவது? தொழிற்சாலை நடத்துகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு ஜப்பானில் ஒரு கம்பெனி சொன்ன பதில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தப் பதிலால் கம்பெனி கோடிகோடியாகச் சம்பாதித்தது. அதே பதிலால் ஒரு நாள் ஸ்தம்பித்து நின்றும் போனது!

அந்தக் கம்பெனியின் பெயர் டொயோட்டா.

தறி செய்தவரின் மகன்

அந்தக் குடும்பத்தின் பழைய தொழில் கார் அல்ல, தறி. சகிச்சி டொயோடா என்பவர் ஒரு தச்சரின் மகன். (குடும்பத்தின் பெயர் டொயோடா. கார் கம்பெனிக்கு மட்டும் டொயோட்டா என்று பெயர் வைத்தார்கள்.) அவர் புதுப்புது விதமான தறிகளைக் கண்டுபிடித்தார். 1924-ல் அவர் செய்து முடித்த தறியில் ஒரு விசேஷம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால், தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி நெய்யப்படாது. பஞ்சும் வீணாகாது, நூலும் வீணாகாது. 1929-ல் இங்கிலாந்தில் உள்ள பிளாட் பிரதர்ஸ் கம்பெனி, இந்தத் தறியைச் செய்யும் உரிமையை விலை கொடுத்து வாங்கியது.

சகிச்சியின் மகன் கிச்சிரோ. தகப்பனாருக்குத் தறியில் இருந்த மோகம் மகனுக்குக் காரில் இருந்தது. 1937-ல் மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த வருஷம் கொரோமோ என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை எழும்பியது. (அந்த ஊரின் பெயரையே 1959-ல் டொயோட்டா என்று மாற்றிவிட்டார்கள்!)

அமெரிக்கக் கார் கம்பெனிகளிடம் பணம் மலை போல் இருந்தது. வேண்டியதை எல்லாம் வாங்கிக் குவிக்க அவர்களால் முடியும். கிச்சிரோவிடம் அவ்வளவு பணம் இல்லை. எனவே அவர் ஒரு திட்டம் போட்டார். வேண்டிய சாமான், வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் வந்து சேர வேண்டும். முன்னாலும் வரக்கூடாது, பின்னாலும் வரக்கூடாது. இதற்கு "ஜஸ்ட் இன் டைம்" என்று ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார்.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் உலகப் போர் வந்தது. இரும்பு முதல் எல்லாச் சாமானும் சர்க்காரின் பிடிக்குள் போயின. கிடைத்ததைக் கிடைத்தபோது வாங்க வேண்டிய நிலை. திட்டம் மூலையில் கிடந்தது.

முதலாளியே வெளியேறினார்!

போர் முடிந்தது. ஜப்பான் நொடித்துக் கிடந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 1949-ல் சர்க்கார் பணப் புழக்கத்தை இறுக்கியது. அமெரிக்காவில் இருந்து வந்த ஜோசப் டாட்ஜ் என்ற பாங்கி அதிபர் சொன்ன யோசனை அது. விலைவாசி இறங்கியது. ஆனால் வியாபாரமும் படுத்துவிட்டது.

டொயோட்டாவின் லாரிகளை வாங்க ஆள் இல்லை. தவணைக்கு வாங்கியவர்கள் தவணை கட்டவில்லை. இரும்புக்கும் ரப்பருக்கும் போட்ட பணம், விற்காத வண்டிகளாக மாறி நின்றது. வண்டி இருந்தது, சாமான் இருந்தது, கட்டடம் இருந்தது. சம்பளம் கொடுக்கத்தான் காசு இல்லை! லாபம், நஷ்டம் தெரிந்தவர்கள் கூட இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் சரக்கு என்பது சொத்து. ஆனால் சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கும் தொழிலாளியின் கையில் ஒரு பற்சக்கரத்தைக் கொடுத்து அனுப்ப முடியுமா?

கம்பெனி திவால் ஆகும் நிலை வந்தது. ஜப்பான் மத்திய பாங்கியின் நகோயா கிளை முன்வந்து, மற்றப் பாங்கிகளையும் சேர்த்துக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. ஆனால் நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. விற்பனைக்குத் தனிக் கம்பெனி வேண்டும். எவ்வளவு விற்குமோ அவ்வளவுதான் செய்ய வேண்டும். ஆட்களையும் குறைக்க வேண்டும்.

"யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று தொழிலாளர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தவர் கிச்சிரோ. 1950-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. இரண்டு மாதம் போராட்டம். கடைசியில் சுமார் 2,000 பேர் வேலையை விட்டுப் போனார்கள். வாக்கைக் காப்பாற்ற முடியாத கிச்சிரோ, தாமும் பதவியை விட்டு இறங்கினார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே ஜூன் மாதக் கடைசியில் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. டொயோட்டா பிழைத்தது. கிச்சிரோவைத் திரும்பவும் அழைத்தார்கள். ஆனால் அவர் பதவி ஏற்கவில்லை. 1952 மார்ச் மாதம், 57-வது வயதில் காலமானார்.

கிடங்கு நிறையச் சாமான், ஆனாலும் பஞ்சம்!

அவர் விட்டுப்போன திட்டத்தைக் கையில் எடுத்தவர் தாயிச்சி ஓனோ. இவர் 1912-ல் பிறந்தவர். டொயோடா குடும்பத்தின் நூல் ஆலையில் 1932-ல் வேலைக்குச் சேர்ந்தார். 1943-ல் கார் கம்பெனிக்கு மாறினார். யந்திரப் பகுதி இவர் பொறுப்பில் இருந்தது.

ஓனோ தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். மாதத்தின் முதல் பாதியில் வண்டி பூட்டும் இடம் வெறிச்சோடிக் கிடக்கும். சாமான் வரவில்லை என்று காத்திருப்பார்கள். பின் பாதியில் எல்லாச் சாமானும் வந்து சேரும். அப்புறம் இரவு பகலாக ஓட்டம். மாதம் முடிந்தால் மறுபடியும் அதே கதை.

இதற்குக் காரணம் என்ன? ஒவ்வொரு பகுதியும் தன் கணக்குப்படி சாமானைச் செய்து அடுத்த பகுதியின் தலையில் தள்ளியது. பற்சக்கரம் செய்யும் பகுதி பற்சக்கரத்தைச் செய்துகொண்டே போகும். அச்சு செய்யும் பகுதி பின்தங்கி நிற்கும். பற்சக்கரம் மலை போல் குவியும். அச்சு இல்லாமல் வண்டி நிற்கும். கிடங்கு நிரம்பி வழியும். ஆனால் தேவையான சாமான் மட்டும் இருக்காது! பரண் நிறையப் பாத்திரம் இருந்தும், அவசரத்துக்கு ஒரு மூடி அகப்படாத கதைதான்.

ஓனோவுக்கு யோசனை கிடைத்த இடம் எது தெரியுமா? காய்கறிக் கடை!

அமெரிக்காவில் ஒரு புது விதமான கடை பரவியிருந்தது. 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் பிக்ளி விக்ளி என்ற கடையில் தொடங்கிய பழக்கம் அது. வாங்க வருகிறவர் தாமே தட்டில் இருந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்க மாட்டார். தட்டில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அந்தச் சாமானை மட்டும் கொண்டுவந்து அடுக்குவார். சூப்பர் மார்க்கெட் என்று பெயர். இதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஓனோ யோசித்தார். "முன்னால் இருக்கும் பகுதி கடை. பின்னால் இருக்கும் பகுதி வாடிக்கைக்காரர். வாடிக்கைக்காரர் வந்து எடுத்தால்தான் கடைக்காரர் மறுபடியும் அடுக்க வேண்டும். தள்ளக்கூடாது, வந்து எடுக்க வேண்டும்." இதுதான் அவர் கண்ட வழி.

1953-ல் தம் யந்திரப் பகுதியில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1956-ல் அமெரிக்கா போனபோது அந்தக் கடைகளை நேரிலும் பார்த்துவிட்டு வந்தார்.

ஓர் அட்டை செய்த வேலை

ஓனோவின் கையில் இருந்த ஆயுதம் ஓர் அட்டை. ஜப்பானிய மொழியில் கான்பான் என்பார்கள். அறிவிப்புப் பலகை என்று பொருள்.

ஒரு பெட்டியில் 20 பற்சக்கரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியோடு ஓர் அட்டை இருக்கும். சாமானின் பெயர், எண், எத்தனை, எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். வண்டி பூட்டுகிறவர் அந்தப் பெட்டியில் கை வைத்ததும், அட்டையைக் கழற்றி ஒரு தபால் பெட்டி போன்ற பெட்டியில் போடுவார். அந்த அட்டை பற்சக்கரம் செய்யும் பகுதிக்குப் போகும். அவர்களுக்கு அதுதான் ஆர்டர். 20 செய்து அனுப்ப வேண்டும். இருபத்தொன்று செய்யக்கூடாது. அட்டை வராவிட்டால் யந்திரத்தைத் தொடவே கூடாது! பழுதான சாமானை அடுத்த பகுதிக்கு அனுப்பவும் கூடாது.

பெரிய கணக்குப்பிள்ளை வேண்டாம். பேரேடு வேண்டாம். படிப்புக் குறைந்த தொழிலாளிக்கும் புரியும். இதைவிட ஒரு சூட்சுமமும் உண்டு. புழக்கத்தில் பத்து அட்டைகள் இருந்தால், பத்துப் பெட்டிக்கு மேல் சரக்குச் சேரவே முடியாது. ஓர் அட்டையை எடுத்து மேஜைக்குள் போட்டால் போதும். ஒரு பெட்டிச் சரக்குக் குறைந்துவிடும்!

அட்டையை ஏன் எடுக்க வேண்டும்? இங்கேதான் ஓனோவின் உண்மையான நோக்கம் இருக்கிறது.

ஆறு நிறையத் தண்ணீர் ஓடும்போது அடியில் இருக்கும் பாறை தெரியாது. தண்ணீர் வற்றினால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். கிடங்கில் இருக்கும் சரக்கும் அப்படித்தான். ஒரு யந்திரம் வாரம் மூன்று முறை மக்கர் செய்கிறது. இரண்டு வாரச் சரக்குக் கையில் இருந்தால், அதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். இரண்டு மணி நேரச் சரக்குத்தான் இருக்கிறது என்றால்? என்ஜினீயர் முதல் மேஸ்திரி வரை எல்லோரும் அந்த யந்திரத்தின் முன்னால் வந்து நிற்பார்கள்! சகிச்சியின் தறி நூல் அறுந்ததும் நின்றது போல், தொழிற்சாலையும் கோளாறு வந்ததும் நிற்க வேண்டும் என்றார் ஓனோ.

மேஸ்திரிகளுக்கு இது பிடிக்குமா? சரக்குக் கையில் இருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. "உருப்படாத ஓனோ முறை" என்று திட்டினார்கள். மேலிடத்து ஆதரவு இருந்ததால் ஓனோ தப்பினார். ஒரு பகுதியில் தொடங்கிய அட்டை, கம்பெனி முழுவதும் பரவ 1962 ஆயிற்று.

ஒரு சின்னக் கணக்கு

கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது என்றால், தினமும் ஒன்று வாங்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு முறை வாங்குவதற்கும் செலவு உண்டு.

இந்தச் சிக்கலுக்கு 1913-லேயே விடை சொன்னவர் ஒருவர் இருக்கிறார். ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர். (கார் செய்த ஹென்றி ஃபோர்டு வேறு, இவர் வேறு.) ஒரு தொழில் பத்திரிகையில் அவர் எழுதிய சின்னக் கட்டுரை இன்றும் பேர் சொல்கிறது.

அவர் வழியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பட்டறைக்கு வருஷத்துக்கு 1,200 வார்ப்படத் துண்டுகள் வேண்டும். ஒரு முறை ஆர்டர் செய்தால் லாரி வாடகை, இறக்குகூலி, சரிபார்க்கும் கூலி என்று 100 ரூபாய் ஆகிறது. ஒரு துண்டை ஒரு வருஷம் வைத்திருந்தால் வட்டி, இட வாடகை, துரு என்று 6 ரூபாய் ஆகிறது.

1,200-ஐயும் ஒரே தடவையில் வாங்கினால்? ஆர்டர் செலவு 100 ரூபாய்தான். ஆனால் சராசரியாக 600 துண்டுகள் வருஷம் முழுவதும் கிடங்கில் இருக்கும். அதற்கு 3,600 ரூபாய். மொத்தம் 3,700. மாதம் 100 வீதம் வாங்கினால்? பன்னிரண்டு ஆர்டருக்கு 1,200 ரூபாய். சராசரி இருப்பு 50; அதற்கு 300 ரூபாய். மொத்தம் 1,500. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 200 வாங்கினால்? ஆர்டருக்கு 600, இருப்புக்கு 600. மொத்தம் 1,200 ரூபாய். இதற்குக் கீழே இறங்காது. ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சமமாகும் இடம்தான் சிக்கனமான இடம் என்பது ஹாரிஸின் கணக்கு.

உலகம் முழுவதும் இந்தக் கணக்கைப் பின்பற்றினார்கள். டொயோட்டாக்காரர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். "அந்த 100 ரூபாயை ஏன் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும்? அதைக் குறைத்தால் என்ன?"

அதே பட்டறையில் ஆர்டர் செலவை ஒரு ரூபாயாகக் குறைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 20, 20 ஆக வருஷத்துக்கு 60 முறை வாங்கலாம். ஆர்டருக்கு 60 ரூபாய். சராசரி இருப்பு 10. அதற்கும் 60 ரூபாய். மொத்தம் 120. ஆயிரத்து இருநூறு எங்கே? நூற்று இருபது எங்கே?

தொழிற்சாலைக்குள் அந்த 100 ரூபாய் என்பது யந்திரத்தில் அச்சு மாற்றும் நேரம். கதவுக்குத் தகடு அழுத்தும் ராட்சத யந்திரத்தில், வேறு தகடு அழுத்த வேண்டுமானால் அச்சை மாற்ற வேண்டும். 1969-ல் டொயோட்டாவில் 1,000 டன் யந்திரம் ஒன்றுக்கு அச்சு மாற்ற நாலு மணி நேரம் ஆயிற்று. நாலு மணி நேரம் வீணாகிறதே என்று, ஒரு முறை அச்சை மாட்டினால் ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிப்பார்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற நிபுணரும் தொழிலாளர்களும் சேர்ந்து அதை முதலில் 90 நிமிஷமாகக் குறைத்தார்கள். பிறகு மூன்று நிமிஷமாக!

மந்திரம் ஒன்றும் இல்லை. யந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய வேலைகளை முன்னாலேயே செய்து வைத்தார்கள். அடுத்த அச்சைக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவது, கருவிகளை வரிசையாக வைப்பது, திருகுகளைக் குறைப்பது, இவைதான். கல்யாண வீட்டில் முதல் பந்தி நடக்கும்போதே இரண்டாம் பந்திக்கு இலை நறுக்கி வைப்பது போல.

1973-ல் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. அடுத்த வருஷம் ஜப்பானில் தொழில்கள் தள்ளாடின. டொயோட்டா மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிமிர்ந்து நின்றது. "அங்கே என்னதான் செய்கிறார்கள்?" என்று மற்றக் கம்பெனிகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். 1978-ல் ஓனோ தம் முறையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பல மொழிகளில் அது பரவியது.

கிடங்கு எங்கே போயிற்று?

புகழ் ஒரு பக்கம். புகார் ஒரு பக்கம்.

பெரிய தொழிற்சாலை "எனக்குக் கிடங்கு வேண்டாம்" என்கிறது. அப்படியானால் கிடங்கு எங்கே போயிற்று? பல இடங்களில் அது சாமான் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறையின் வீட்டு வாசலுக்குப் போயிற்று! பெரியவர் கேட்ட நிமிஷத்தில் கொடுக்க வேண்டும் என்ற பயத்தில், சின்னவர் தம் செலவில் சரக்கைச் சேர்த்து வைத்துக் காத்திருப்பார். பாதிச் சரக்கு லாரியில் ஏறி ரோட்டில் சுற்றும். இது சிக்கனம் அல்ல. சுமையை இளைத்தவன் தலைக்கு மாற்றுவது. சின்னப் பட்டறைகளுக்குப் பெரிய கம்பெனிகள் பணம் கொடுக்க இழுத்தடிப்பதைத் தடுக்க, ஜப்பானில் 1956-லேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. டொயோட்டா தன் ஆட்களை அனுப்பிச் சின்னப் பட்டறைகளுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொண்ட இடத்தில் இரண்டு பேருக்கும் லாபம். பெயருக்கு மட்டும் பின்பற்றிய இடத்தில் ஒருவருக்கு லாபம்; ஒருவருக்கு வட்டி.

தொழிலாளியின் பாடு? 1972-ல் சதோஷி கமாதா என்ற பத்திரிகையாளர் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தார். வேலை செய்யும் வரிசையின் வேகத்தையும், மூச்சு விட நேரம் இல்லாத நிலையையும், அடிபட்டவர்களையும் பற்றிக் குறிப்பு எழுதினார். அடுத்த வருஷம் அது புத்தகமாக வந்தது. கையில் சரக்கு இல்லாத தொழிற்சாலையில் கைக்கும் ஓய்வு இல்லை என்பதை அந்தப் புத்தகம் ஊருக்குச் சொன்னது.

சிகரெட் பெட்டி அளவு சாமான்

கிடங்கில் உள்ள எல்லாச் சாமானையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்று தொழில் நடத்துகிறவர்கள் சொல்வார்கள். 1951-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி என்பவர் சாமான்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். எண்ணிக்கையில் கொஞ்சம், ஆனால் பணம் பெரும்பகுதியை விழுங்குபவை முதல் வகை. நடுத்தரம் இரண்டாவது. ஏராளமாக இருந்தும் அற்பப் பணத்தில் அடங்குபவை மூன்றாவது. நகையைத் தினமும் எண்ண வேண்டும். உப்பைத் தினமும் எண்ண வேண்டாம் என்பது போல.

நல்ல யோசனைதான். ஆனால் உப்பு இல்லாமல் சமையல் நடக்குமா? டொயோட்டாவுக்கு இந்தப் பாடம் நெருப்பு வடிவத்தில் வந்தது.

1997 பிப்ரவரி 1. சனிக்கிழமை. பொழுது விடியாத நேரம். கரியா நகரத்தில் ஐசின் என்ற கம்பெனியின் ஆலையில் தீப் பிடித்தது. ஐசின் டொயோட்டாவுக்குச் சாமான் செய்து கொடுக்கும் கம்பெனி. எரிந்த ஆலையில் செய்த சாமான், பிரேக்கில் பொருத்தும் ஒரு வால்வு. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைச் சரியான அளவில் வைப்பது அதன் வேலை. சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். விலையும் சொற்பம்.

ஆனால் டொயோட்டாவுக்கு வேண்டிய அந்த வால்வுகளில் நூற்றுக்கு 99 இந்த ஓர் ஆலையில்தான் செய்யப்பட்டன! ஒரே இடத்தில் ஏராளமாகச் செய்தால் விலை மலிவு. தரமும் நன்றாக இருந்தது. அதனால் மற்றவர்களிடம் வாங்குவதை விட்டுவிட்டார்கள். கையில் இருந்த வால்வுகள் ஓரிரண்டு நாளுக்குள் தீர்ந்தன.

செவ்வாய்க்கிழமை கார் ஆலைகள் நிற்கத் தொடங்கின. அடுத்த நாளுக்குள் ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகளில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. அவற்றை நம்பி இருந்த நூற்றுக்கணக்கான சின்ன ஆலைகளும் நின்றன. 30,000 சாமானில் ஒரு சாமான் இல்லை, கார் இல்லை!

ஐசின் ஆலையை மறுபடியும் கட்ட மாதக்கணக்கில் ஆகும். என்ன செய்வது?

அன்று காலையிலேயே ஐசின் உதவி கேட்டது. வால்வின் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியது. சுமார் 200 கம்பெனிகள் ஓடி வந்தன. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவை தாங்களே வால்வு செய்யத் தொடங்கின. வால்வு செய்யும் விசேஷ யந்திரங்கள் யாரிடமும் இல்லை. இருந்த யந்திரங்களை மாற்றி அமைத்துக் கொண்டார்கள். தையல் யந்திரம் செய்யும் பிரதர் கம்பெனி கூட வால்வு செய்தது. கார்ச் சாமானையே அது வரை செய்திராத கம்பெனி அது! நாளுக்குச் சில டஜன் வால்வுகளுக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

விலை என்ன, கூலி என்ன என்று யாரும் முதலில் பேரம் பேசவில்லை. செலவை ஐசினும் டொயோட்டாவும் பின்னால் கொடுத்தன. தீப் பிடித்த நாலாவது நாளே புது வால்வுகள் வரத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் கார் ஆலைகள் மறுபடியும் ஓடின. ஆனாலும் சுமார் 70,000 வண்டிகளின் உற்பத்தி தடைப்பட்டது.

கிடங்கில் சரக்கு இல்லை. ஆனால் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பழக்கம் இருந்தது. சாமான் கொடுப்பவர்களுக்கு டொயோட்டா தொழில் கற்றுக்கொடுத்திருந்ததும், அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததும் அன்று கை கொடுத்தன. இந்த இருப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவது இல்லை.

மறுபடியும் கிடங்கு

2011 மார்ச் 11. ஜப்பானில் பயங்கர பூகம்பம். பின்னாலேயே சுனாமி. இபராகி மாகாணத்தில் ரெனசாஸ் கம்பெனியின் ஆலை சேதம் அடைந்தது. கார்களுக்கு வேண்டிய நுண்ணிய மின்னணுச் சில்லுகள் அங்கேதான் செய்யப்பட்டன. நகத்தளவு சில்லு, ஆனால் அது இல்லாமல் என்ஜினும் ஓடாது, பிரேக்கும் வேலை செய்யாது. இந்த முறை தையல் யந்திரக் கம்பெனி வந்து உதவ முடியாது. ரெனசாஸ் ஆலை மீண்டும் வேலையைத் தொடங்க ஜூன் மாதம் ஆயிற்று. டொயோட்டா பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின.

அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. தனக்குச் சாமான் கொடுப்பவர் யார் என்று டொயோட்டாவுக்குத் தெரியும். அவருக்குக் கொடுப்பவர் யார்? அவருக்கும் கொடுப்பவர் யார்? பத்துப் பேரிடம் வாங்குவதாக நினைத்துக் கொண்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டு இருப்பார்கள்!

டொயோட்டா உட்கார்ந்து, அடிமட்டம் வரை யார் எங்கே எதைச் செய்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தது. எந்தச் சாமான் தடைப்பட்டால் மீண்டும் கிடைக்க நீண்ட நாள் ஆகும் என்று பிரித்தது. சில்லு கொடுப்பவர்களிடம், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரைக்கும் வேண்டிய சரக்கைச் சேர்த்து வைக்கச் சொன்னது. ஆம், கிடங்கை ஒழித்த கம்பெனிதான் இப்படிச் சொன்னது! சீட்டு, போல்ட்டு, டயர் எல்லாம் பழையபடி அட்டைக் கணக்கில் வந்தன. எது அடுத்த தெருவில் கிடைக்கும், எதற்குக் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டும் என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி இருப்பு வைத்தார்கள்.

2020-க்குப் பிறகு கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் சில்லுப் பஞ்சம் வந்தது. மற்றக் கார் கம்பெனிகள் தவித்தபோது டொயோட்டா சில மாதங்கள் தாக்குப் பிடித்தது. 2021-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியையே விற்பனையில் முந்தியது. 1931-ல் இருந்து அந்த முதல் இடத்தை ஜெனரல் மோட்டார்ஸ் யாருக்கும் விட்டுக்கொடுத்தது இல்லை. ஆனால் பஞ்சம் நீண்டது. ஆறு மாத இருப்பும் கரைந்தது. அந்த வருஷம் செப்டம்பர் மாத உற்பத்தியில் நூற்றுக்கு 40 பங்கு வெட்டப்போவதாக டொயோட்டாவும் அறிவிக்க நேர்ந்தது.

இன்னும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது.

ஓனோவின் அட்டைக்குப் பதில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எந்தச் சாமான் எவ்வளவு வேண்டும் என்று அதுதான் ஆர்டர் அனுப்புகிறது. 2023 ஆகஸ்ட் 29 அன்று, ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் ஒரே நாளில் நின்றன. தீ இல்லை. பூகம்பம் இல்லை. சில்லுப் பஞ்சமும் இல்லை. "எதிரிகள் யாராவது கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டார்களா?" என்று ஊரெல்லாம் பேச்சு.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. இரண்டு நாள் முன்பு பராமரிப்பு வேலை நடந்திருக்கிறது. சேர்ந்து கிடந்த பழைய விவரங்களை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. கிடங்கு நிரம்பிவிட்டது! மாற்றாக வைத்திருந்த கம்ப்யூட்டரிலும் அதே கதை. சாமான் ஆர்டர் போகவில்லை.

அதிக இடம் உள்ள வேறு கம்ப்யூட்டருக்கு விவரங்களை மாற்றினார்கள். மறுநாள் காலை ஆலைகள் ஓடத் தொடங்கின.